வெரோனிக்காவுக்கு வாங்கியவை

மணிலாவிலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும் எங்கள் ஊரில் பெரிய வெள்ளிக்கிழமைச் சுற்றுக்கு இருபத்திரண்டு சப்பரங்கள் வரும். ஒவ்வொரு சுரூபமும் ஒவ்வொரு குடும்பத்துக்குச் சொந்தம். சேவலோடு நிற்கும் பேதுரு அரிசி மில்காரர் வீட்டில் இருக்கிறார். மகதலா மரியாள் பல் டாக்டர் வீட்டு மாடியில். கடைசியாக வரும் வியாகுல மாதா மட்டும் கோயிலுடையது. வெரோனிக்கா மெடிங் வீட்டில்.

மெடிங்கின் முழுப்பேர் ரெமெடியோஸ். ஞானஸ்நானப் புத்தகத்தைத் தவிர வேறெங்கும் அந்தப் பேர் புழங்கியதில்லை. அவளுடைய ஒரே மகள் ரோசெலுக்கு நான் ஞானத்தாய். பிள்ளையைப் பெற்றவளும் அதை ஞானஸ்நானத் தொட்டியில் ஏந்தியவளும் ஒருவரையொருவர் 'மாரே' என்று கூப்பிடுவதுதான் இங்கே வழக்கம். இருபத்தாறு வருடமாக நாங்கள் மாரே.

நான் கோயில் துணிகளை வெளுத்து, கஞ்சி போட்டு, தேய்த்துக் கொடுக்கிறவள். பெரிய வாரத்தில் வெரோனிக்காவுக்கு உடை மாற்றும்போது மெடிங்குக்குத் துணை நிற்பதும் நான்தான். சுரூபமானாலும் பெண்ணல்லவா, ஆண்களை அறைக்குள் விடமாட்டோம்.

வெரோனிக்கா ஒரு மனுஷி உயரம் இருப்பாள். மரத்தில் செதுக்கியது. கண்ணாடிக் கண். இரண்டு கைகளும் முன்னால் நீண்டு, விரல்கள் எதையோ பிடித்திருக்கிற மாதிரி மடங்கியிருக்கும். அந்த விரல்களில்தான் துணியை மாட்டுவோம். கர்த்தர் சிலுவை சுமந்து போனபோது அவள் முகம் துடைத்துவிட்ட துணி. மூன்றாக மடித்துத் துடைத்தாளாம், அதனால் மூன்று முகம் பதிந்திருக்கும். அன்னாசி நாரில் நெய்த துணி அது. மெடிங்கின் முன்னோர் ஒருவர் மரப்பட்டைச் சாயத்தில் அந்த மூன்று முகங்களையும் வரைந்ததாகச் சொல்வார்கள். நடுமுகத்தில் ஒரு கண் பாதி அழிந்துவிட்டது. எத்தனையோ வருடமாகப் பெண்கள் தங்கள் கைக்குட்டையை அதில் ஒற்றி ஒற்றி அழிந்தது. சுற்று முடிந்து வெரோனிக்கா வீடு திரும்பும்போது தெருவெல்லாம் கைக்குட்டையோடு நிற்பார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அந்தக் கைக்குட்டையைத்தான் நெற்றியில் போடுவார்கள். என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால் ரோசெல் கல்யாணமாகி செபு தீவுக்குப் போனாள். போகும்போது தன் பழைய செல்போனை அம்மாவிடம் விட்டுப் போனாள், பேரப்பிள்ளை பிறந்தால் முகம் பார்க்கலாம் என்று. பேரப்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. செல்போனில் வேறொருத்தி முகம் தெரிய ஆரம்பித்தது.

அவள் பேர் மேடம் ஜெலின். மணிலாவில் எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு, சுரூபங்களுக்கான முடி, இமைமுடி, சரிகை, முக்காடு, கிரீடம் என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி விற்பாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து ஊரே கண்ணயரும் நேரத்தில் செல்போனில் நேரலையாக வருவாள். அவள் காட்டுகிற சாமானின் நம்பரைப் போட்டு 'எனக்கு' என்று யார் முதலில் எழுதுகிறார்களோ அவர்களுக்கு அது. உடனே ஜெலின் பேர் சொல்லிக் கூப்பிடுவாள்.

"மெடிங் அக்காவுக்குப் போயிடுச்சு! மெடிங் அக்கா, ஒங்க வெரோனிக்கா குடுத்து வச்சவக்கா! எல்லாரும் மெடிங் அக்காவுக்கு ஒரு கைதட்டுப் போடுங்க!"

அதைக் கேட்கும்போது மெடிங்கின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். முதன்முதலாக நற்கருணை வாங்கித் திரும்பும் சின்னப் பிள்ளையின் முகம் மாதிரி இருக்கும். நான் எதையும் சொல்லத் துணியாததற்கு அந்த முகமும் ஒரு காரணம்.

முதலில் வாங்கியது ஒரு ஜோடி இமைமுடி. வெரோனிக்காவின் இடது கண்ணில் இமைமுடி உதிர்ந்திருந்தது, அதனால் அது வேண்டியதுதான். அப்புறம் முடி, இடுப்புவரை சுருள் சுருளாக. அப்புறம் இன்னொரு முடி, முதல் முடி அதிகச் சுருளாக இருந்ததால். அப்புறம் ஒரு ஜோடி வெல்வெட் செருப்பு.

"மாரே, வெரோனிக்காவுக்குப் பாதமே கெடையாதே," என்றேன். பாவாடைக்குக் கீழே வெறும் மரச்சட்டம்தான்.

"எனக்குத் தெரியாதா? ஆனா அவளுக்குத் தெரியுமில்ல, நம்மகிட்ட செருப்பு இருக்குன்னு."

"செருப்பை எங்க வைப்ப?"

"பக்கத்துல வைப்பேன். நீ எதையும் இப்படியே கேளு."

அவள் தனக்கென்று ஒரு துணி வாங்கினாளா? இல்லை. கக்கத்தில் கிழிந்த அதே நீலப் பூப்போட்ட வீட்டு அங்கியைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். வாங்குவதெல்லாம் வெரோனிக்காவுக்கு. புனிதைக்கு வாங்குகிறவளை நிறுத்து என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

பிறகு வெரோனிக்காவின் சாமான்களை வைக்கப் பெட்டிகள் வாங்கினாள். பெட்டிகளை அடுக்க அலமாரி வாங்கினாள். சப்பரம் தள்ளுகிறவர்களுக்கு மழைக்கோட்டு பன்னிரண்டு. தள்ளுகிறவர்கள் ஆறு பேர்தான். அவர்களுக்குக் கஞ்சி காய்ச்ச மின்சார அடுப்பு. அது நன்றாக இருந்ததால் இன்னொன்று. வந்த பார்சல்களைப் பாதிக்கு மேல் பிரிப்பதும் இல்லை. எல்லாம் ஒரே மாதிரியான சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பையில் வரும், அப்படியே சுவரோரம் அடுக்கிவிடுவாள். முன்னறையில் வெரோனிக்கா இடுப்பளவு பைகளுக்கு நடுவே, வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவள் போலக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

பார்சல் கொண்டுவருகிறவர் எலியாசர். ஐம்பது வயது, நரைத்த மீசை. முன்பு பேக்கரியில் வேலை பார்த்தவர்.

"அக்கா, இந்த ஊர்ல என்னைப் பாத்தா எல்லா நாயும் கொலைக்குது. ஒங்க வீட்டு நாய் மட்டும்தான் வாலை ஆட்டுது," என்பார். "குடும்பத்துல ஒருத்தனா ஆயிட்டேன் போல. கிறிஸ்துமசுக்கு எனக்கும் எதாவது செய்யுங்க."

மெடிங்கின் வீட்டுக்காரர் கிறிசாந்தோ பஸ் நிலையத்தில் சவாரி ஏற்றும் டிரைசைக்கிள் ஓட்டுகிறவர். சத்தம் போடும் ஆளில்லை. கட்டிலின் பாதியைப் பெட்டிகள் பிடித்துக்கொண்டதால் சாய்வு நாற்காலியில் படுக்கப் பழகியிருந்தார்.

"ஞானத்தாயே, நீயே சொல்லு," என்பார் என்னிடம். "வெரோனிக்கா கையிலிருந்த ஒரே துணியக் குடுத்தா. அதுக்கே புனிதை ஆயிட்டா. எம் பொண்டாட்டி அவ பேர்ல ஒரு கடையே வச்சிருக்கா. இவள எங்க கொண்டு வைக்கிறது?"

"ஒங்க தலையில வையுங்க," என்பாள் மெடிங் உள்ளேயிருந்து. "அங்கதான் ஒண்ணுமில்லாம எடம் கெடக்கு."

சிரிப்போம். சிரித்துவிட்டால் அன்றைய பேச்சு முடிந்துபோகும். அப்படியே இரண்டு வருடம் சிரித்தோம்.

ஜனவரியில் மெடிங் வீட்டுப் பழைய மர அலமாரியில் கறையான் ஏறிவிட்டது. அலறி அடித்துக்கொண்டு உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டாள். வெரோனிக்காவின் துணி இருந்த பிஸ்கட் டின்னிலும் மண் ஏறியிருந்தது. "நல்லவேளை, துணிக்கு ஒண்ணும் ஆகல. பத்திரமா வேற எடத்துல வச்சிட்டேன்," என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

சாம்பல் புதனுக்கு முந்தின ஞாயிறு மெடிங் தானாகவே பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். அதற்கு முந்தின நாள் கிறிசாந்தோ பைகளில் தடுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகிப் போயிருந்தது. வண்டி ஓட்ட முடியவில்லை. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை என்பதுதான் அவளை உலுக்கியிருக்கும் என்று நினைக்கிறேன். சாமியார் என்ன சொன்னாரோ, வெளியே வந்தவள் நேரே என்னிடம் வந்தாள்.

"மாரே, தவக்காலம் முழுக்க ஒண்ணும் வாங்கறதில்லன்னு நேர்ந்துக்கிட்டேன். உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும். இந்தா, போனு. ஒங்கிட்டயே இருக்கட்டும்."

"ரோசெல் கூப்பிட்டா?"

"ஒனக்குத்தான் கூப்பிடுவா. பேசு. நீயும் அவளுக்கு அம்மாதான்."

செல்போனை என் அரிசிப் பானைக்குள் வைத்தேன். அதைவிடப் பத்திரமான இடம் என் வீட்டில் கிடையாது.

அவள் நேர்ச்சையைக் காப்பாற்றினாள். இதைத் தெளிவாக எழுதிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் ஊரில் வேறு மாதிரிப் பேசினார்கள். நாற்பது நாளும் அவள் ஒன்றும் வாங்கவில்லை. ஆனால் லேசாக இருக்கவில்லை. முதல் வாரம் மத்தியானம் ஆனால் என் வீட்டு வாசலில் வந்து நிற்பாள்.

"மாரே, மணி என்ன பாத்துச் சொல்லேன்."

"ஒங்க வீட்டுல நாலு கடிகாரம் இருக்கே."

"நாலும் நாலு நேரம் காட்டுது."

அரிசிப் பானையைப் பார்ப்பாள். நான் பானைக்கு முன்னால் உட்கார்ந்து செபமாலையை எடுப்பேன். அவளும் உட்காருவாள். மாலையின் ஐம்பது மணியும் சொல்லி முடித்து, பாசிப்பயறு வேகவைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போவாள். ஒருநாள் எலியாசரிடமே கேட்டிருக்கிறாள், ஒங்க போன்ல மேடம் ஜெலின் வருவாளா என்று. "எம் போன்ல வழி மட்டுந்தான் வரும் அக்கா, அதுவும் பாதி நேரம் தப்பான வழி," என்று சொல்லிவிட்டார் அந்த நல்ல மனுஷன்.

அதைவிடக் கொடுமை, பார்சல்கள் நிற்கவே இல்லை. நேர்ச்சைக்கு முன்பே எழுதிப் போட்டவை ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. மூன்றாம் வாரத்திலும் வந்தன, நான்காம் வாரத்திலும் வந்தன. ஒவ்வொரு பையையும் பார்க்கும்போது அவள் முகம் செத்துப்போகும்.

"இத நான் எப்பச் சொன்னேன்னே எனக்கு ஞாபகமில்ல மாரே. உள்ள என்ன இருக்குன்னும் தெரியல."

"பிரிச்சுப் பாரேன்."

"வேண்டாம். பிரிச்சா சந்தோஷமா இருக்கும். இப்ப அது ஆகாது."

நான்காம் வாரத்தில் ஒரு காரியம் நடந்தது. அதைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். வெரோனிக்காவின் பழைய அங்கியைக் காற்றாட எடுத்துப் போட்டோம். கருஞ்சிவப்பு வெல்வெட், பொன் சரிகை. இரண்டு வருடமாக அதை உடுத்தவே இல்லை, புதிது புதிதாக வந்துகொண்டிருந்ததால். ஓரம் பிரிந்திருந்தது. நான் ஊசி கோர்த்துக் கொடுத்தேன். மெடிங் தைக்க உட்கார்ந்தாள். தைக்கத் தைக்க உள்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே பழைய தையல்கள். ஒரு இடத்தில் பச்சை நூல், ஒரு இடத்தில் கறுப்பு, ஒரு இடத்தில் யாரோ அவசரத்தில் கோணல்மாணலாகப் போட்டது.

"இது எங்கம்மா தையல்," என்றாள் பச்சை நூலைத் தொட்டு. "அவளுக்கு வேற நெற நூல் வாங்க வக்கில்ல. இது யாருன்னு தெரியல. குடிச்சிட்டுத் தச்சிருக்கா போல."

சிரித்தாள். அப்புறம் அங்கியை மடியில் விரித்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு தையலாக விரலால் தடவினாள்.

"மாரே, இது இவ்வளவு அழகா எப்ப ஆச்சு?"

"எப்பவும் அப்படித்தான் இருந்துச்சு."

"நான் எங்க இருந்தேன் அப்ப?"

அந்த வாரம் முழுவதும் அவள் தைத்தாள். மத்தியானம் மணி கேட்க வருவதை நிறுத்தினாள். கிறிசாந்தோ மணிக்கட்டில் கட்டோடு வந்து, "ஞானத்தாயே, நேத்து அவ கட்டில்ல இருந்த பெட்டிய எல்லாம் எறக்கிட்டா. நான் முழு நீளத்துக்குக் காலை நீட்டிப் படுத்தேன். தூக்கமே வரல, பழக்கம் விட்டுப்போச்சு," என்றார். கர்த்தர் கண் திறந்துவிட்டார் என்று நான் மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

பெரிய புதன் காலையில் உடை மாற்றப் போனேன். பழைய அங்கியை உடுத்தினோம். பழைய முடியைச் சீவி வைத்தோம். மெடிங் துணியை எடுக்க உள்ளே போனாள். வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"கறையான் ஏறினப்ப ஒரு பையில போட்டேன் மாரே. பார்சல் வர்ற பையிலயே. அதுல தண்ணி போகாது, பூச்சி போகாதுன்னு நெனச்சு, சுத்தமா தொடச்சு, உள்ள போட்டு ஒட்டி வச்சேன்."

"எங்க வச்ச?"

அவள் கையைச் சுற்றிக் காட்டினாள். சுவரோரம், கட்டிலுக்கடியில், அலமாரிமேல், படிக்கட்டில். எல்லாம் ஒரே சாம்பல் நிறம். எல்லாம் ஒரே மாதிரி ஒட்டியது.

பிரிக்க ஆரம்பித்தோம். கிறிசாந்தோ ஒரு கையால் பிரித்தார். புதன் முழுவதும் பிரித்தோம். சரிகைகள், முக்காடுகள், கண்ணாடிக் கண்கள், நாற்பது ஐம்பது ஊசிப் பெட்டி, சின்னச் சின்ன விசிறி, இன்னொரு மின்சார அடுப்பு. அச்சடித்த வெரோனிக்கா துணி மூன்று. பளபளவென்று இருந்தன. ஒன்றில் கர்த்தர் சிரிப்பது மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டில் கர்த்தரின் பாடுகளைப் பாட்டாக வாசித்துக்கொண்டிருந்தார்கள், ஒலிபெருக்கியில் வந்துகொண்டே இருந்தது. கெத்சமனியில் தொடங்கும்போது நாங்கள் கட்டிலுக்கடியில் இருந்தோம். பிலாத்து கை கழுவும்போது படிக்கட்டுக்கு வந்திருந்தோம்.

பெரிய வியாழன் காலை பத்து மணி இருக்கும். அலமாரிமேல் கடைசி வரிசை. கிறிசாந்தோ ஒரு பையைப் பிரித்து, உள்ளே இருந்ததை உதறினார். ரோஸ் நிற முக்காடு.

மெடிங் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "இதத் திருப்பி அனுப்பிட்டேனே."

அவளே சொன்னாள். ஜனவரியில் கருஞ்சிவப்பு முக்காடு கேட்டிருந்தாள், ரோஸ் வந்தது. அதைப் பையில் போட்டு ஒட்டி, திருப்பி அனுப்பச் சொல்லி எலியாசரிடம் கொடுத்தாள். கறையான் ஏறிய அதே நாளில். மேசைமேல் இரண்டு பை இருந்தது. இரண்டும் மெல்லிசு, இரண்டும் உள்ளே துணி.

எலியாசரை வரச் சொன்னோம். வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆமா அக்கா, ஒரு திருப்புப் பை குடுத்தீங்க. நான் கொண்டுபோய் ஆபீசுல போட்டேன். அங்கேருந்து மணிலா போயிருக்கும். அங்கேருந்து எங்க போகும்னு எனக்குத் தெரியாது."

"அதத் தொறந்து பாத்திருப்பாங்கல்ல?" என்றாள் மெடிங்.

"பாப்பாங்களோ, பாக்க மாட்டாங்களோ. மலை மாதிரிக் கெடக்கும்னு சொல்றாங்க அக்கா."

அவர் போகும்போது நாய் வாலை ஆட்டிக்கொண்டு வாசல்வரை போனது.

சாமியாரிடம் போனோம். அவர் வயதில் சின்னவர், நல்லவர். "புது துணியில ஒண்ணப் பிடிக்க வச்சு அனுப்புங்கம்மா. கடவுளுக்கு வித்தியாசம் இல்ல," என்றார்.

"கடவுளுக்கு இல்ல சாமி," என்றாள் மெடிங். "இந்த ஊர்ல இருக்கறவங்களுக்கு இருக்கு."

"அப்ப இந்த வருஷம் வெரோனிக்கா வராம இருக்கட்டும். ஒடம்பு சரியில்லன்னு நெனச்சுக்குவோம்," என்று அவர் லேசாக்கப் பார்த்தார்.

"அவளுக்கு ஒண்ணுமில்ல சாமி. எனக்குத்தான்."

பெரிய வெள்ளி மாலை நான்கு மணிக்கு வெரோனிக்கா பழைய அங்கியோடு சப்பரத்தில் ஏறினாள். கையில் ஒன்றும் இல்லை. கோயில் மணி அன்றைக்கு ஒலிக்காது, மரக்கட்டைகளைத்தான் தட்டிக்கொண்டு போவார்கள். அந்தச் சத்தத்துக்குப் பின்னால் சப்பரங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. வெறும் விரல்கள் மடங்கியபடி நீண்டிருக்க, வெரோனிக்கா போனாள். மெடிங் வலதுபக்கம் நடந்தாள். நான் அவளுக்குப் பின்னால்.

முதல் முக்கிலேயே மீன் விற்கும் செலேஸ்தினா கேட்டாள். "மெடிங், துணி எங்க?"

"தொலச்சிட்டேன் அக்கா."

"என்ன சொல்ற?"

"தொலச்சிட்டேன்."

அடுத்த முக்கில் வேறொருத்தி. அதற்கடுத்த முக்கில் வேறொருத்தி. கோயிலிலிருந்து ஆற்றுப்பாலம் வரை, பாலத்திலிருந்து சந்தை வரை, சந்தையிலிருந்து வீடு வரை. ஒவ்வொருவருக்கும் அவள் நின்று, முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னாள். காரணம் சொல்லவில்லை. கறையானைச் சொல்லவில்லை, பையைச் சொல்லவில்லை. நான் சொல்ல வாயெடுத்தபோது என் கையைப் பிடித்து அழுத்தினாள். யாரோ ஒருவன், "போன்ல வித்துட்டியா அக்கா?" என்று கேட்டான். அதற்கும் "தொலச்சிட்டேன்" என்றுதான் சொன்னாள்.

வீடு திரும்பும்போது தெருவில் பெண்கள் வழக்கம்போலக் கைக்குட்டையோடு நின்றார்கள். செய்தி அவர்களுக்கு வந்து சேர்ந்திருந்தது, ஆனாலும் நின்றார்கள். எங்கே ஒற்றுவதென்று தெரியவில்லை. கைக்குட்டையைத் தூக்கியபடி ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். ஒருத்தி வெறும் விரலில் ஒற்றினாள். ஒருத்தி அங்கியின் ஓரத்தில், மெடிங் தைத்த இடத்தில் ஒற்றினாள். பலர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிந்து அவள் என் வீட்டுக்கு வந்தாள்.

"மாரே, போனைக் குடு. மேடம் ஜெலினுக்கு எழுதிக் கேக்கணும்."

நியாயம்தானே? அரிசிப் பானைக்குள் கைவிட்டு எடுத்துக் கொடுத்தேன்.

அவள் எழுதினாள். பதில் வரவில்லை. மறுநாள் எழுதினாள். மூன்றாம் நாளும் எழுதினாள். ரோசெலும் செபுவிலிருந்து ஜெலினுக்கு எழுதினாள், தொலைபேசியில் கூப்பிட்டாள். எந்த நம்பரிலும் யாரும் எடுக்கவில்லை. எலியாசர் தன் ஆபீசில் இரண்டு முறை விசாரித்தார். அந்தப் பைக்கு ரசீது வேண்டுமாம். ரசீதை மெடிங் பத்திரமாகத்தான் வைத்திருந்தாள், மண்ணைத் தட்டித் துடைத்துவைத்த அந்தப் பிஸ்கட் டின்னில். மறுபடி ஏறிய கறையான் அதைத் தின்றிருந்தது.

ஒரு மத்தியானம் நான் போனபோது அவள் செல்போனைச் சுவரில் சாய்த்துவைத்து, முன்னால் உட்கார்ந்திருந்தாள். மேடம் ஜெலின் சரிகையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். மெடிங், 'என் துணி திருப்புப் பையில் தவறி வந்துவிட்டது, தயவுசெய்து பாருங்கள்' என்று எழுதினாள். எழுதியது மேலே ஏறி, மற்றவர்கள் எழுதியவற்றுக்குள் காணாமல் போனது. மறுபடி எழுதினாள். மறுபடி போனது.

"அவ வாங்கறவங்க எழுதறத மட்டுந்தான் படிக்கிறா மாரே," என்றாள். கண் செல்போனை விட்டு நகரவில்லை. "நம்பர் போட்டாத்தான் பேர் சொல்லிக் கூப்பிடறா. கூப்பிடறப்ப சட்டுனு கேட்டுடணும்."

ஒரு கொண்டை ஊசி அட்டையைத் தூக்கிக் காட்டினாள் ஜெலின். மெடிங் நம்பரைப் போட்டு, 'எனக்கு' என்று எழுதினாள்.

"மெடிங் அக்கா! எங்க போயிட்டீங்க இத்தன நாளா? எல்லாரும் மெடிங் அக்காவுக்கு..."

மெடிங் அவசர அவசரமாக எழுதினாள். 'துணி' என்று எழுதி முடிப்பதற்குள் ஜெலின் அடுத்த சாமானுக்குப் போய்விட்டாள்.

"இன்னும் ஒண்ணு," என்றாள் மெடிங். "சின்னதா எதாவது."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? செல்போனைப் பிடுங்கியிருக்க வேண்டுமா? பிடுங்கினால் துணியைத் தேட அவளுக்கு வேறு வழி இல்லை. விட்டால் அவளை மீட்க எனக்கு வேறு வழி இல்லை. வெரோனிக்காவைப் பார்த்தேன். அவள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பக்கத்தில், நேர்ச்சைக்கு முன் எழுதிப் பிந்தி வந்த நான்கு பை மறுபடி சேர்ந்திருந்தது.

அந்த வாரம் முழுவதும் மத்தியானம் அவளோடு போய் உட்கார்ந்தேன். தினம் மூன்று முறை, நான்கு முறை ஜெலின் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். ஒரு முறையும் கேள்வியைப் படிக்கவில்லை. சனிக்கிழமை நான் சொன்னேன்.

"மாரே, எம் பேர்ல ஒண்ணு போடேன். புதுசா ஒருத்தி வந்தா நின்னு பேசுவாளோ என்னவோ. பேசறப்ப நீ கேளு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஒனக்கு எதுக்கு மாரே இதெல்லாம்?"

"எனக்கில்ல. வெரோனிக்காவுக்கு."

சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே கேட்டது. மெடிங் என் பேரில் ஒரு முழம் சரிகைக்கு நம்பர் போட்டாள்.

மேடம் ஜெலின் என் பேரைச் சொன்னாள். புதிய அக்காவுக்கு எல்லாரும் கைதட்டுப் போடச் சொன்னாள். எங்கள் ஊர் எந்த ஊர் என்று கேட்டாள், என் வீட்டில் எந்தப் புனிதர் இருக்கிறார் என்று கேட்டாள். மெடிங் அதற்குள் நான்கு முறை துணியைப் பற்றி எழுதினாள். ஜெலின் சிரித்துக்கொண்டே அடுத்ததை எடுத்துக் காட்டினாள்.

வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் இன்னமும் பழைய அங்கியை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறோம். கையோரத்தில் கொஞ்சம் தையல் மிச்சமிருக்கிறது. மெடிங் அவள் அம்மாவின் பச்சை நூலை மேலும் பிரியாமல் இரண்டு தையலில் பிடித்து நிறுத்தினாள். தைக்கும்போது அவள் முகம் தவக்காலத்து நான்காம் வாரத்தில் இருந்த மாதிரியே இருக்கும். மேடம் ஜெலின் வரும் நேரம் ஆனதும் ஊசியைக் குத்திவைத்துவிட்டு எழுந்துபோவாள்.

என் பேரில் நம்பர் போட்டதற்கு அடுத்த புதன்கிழமை காலை என் வீட்டு வாசலில் எலியாசர் வந்து நின்றார். கையில் ஒரு சாம்பல் நிறப் பை. என் பேரைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, நம்பாதவராக என்னைப் பார்த்தார்.

"நீங்களுமா அக்கா?"

என் நாய்க்கு அவரைப் பழக்கமில்லை. விடாமல் குலைத்தது. நான் அதை அடக்கவில்லை.